டீசன்ட்டான குடும்பத்துக்கு மட்டும்

12 ஜூலை 1983, செவ்வாய்

காற்று. வாயெல்லாம் புழுதி. அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். எனக்கு ஏழாம் மாதம். பஸ் பயணத்தை விடச் சொல்கிறார் டாக்டரம்மா. பள்ளிக்கூடம் அங்கே, வீடு இங்கே அரியலூரில். பெரம்பலூரில் வீடு கிடைத்தால்தான் உண்டு. பிரசவத்துக்கு அம்மாவும் அங்கே வந்துவிடுவாள். அம்மா ஊரில் ஆஸ்பத்திரி கிடையாது.

ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ். ‘டீசன்ட்’ வைத்து வாக்கியம் கேட்டேன். சித்தப்பா டீசன்ட், வெள்ளை வேட்டிதான் கட்டுவார் என்றாள் ஒருத்தி. அகராதியில்: ஒழுங்கான, கண்ணியமான, போதுமான, பரிவுள்ள. கடைசி அர்த்தத்துக்கு எனக்கே உதாரணம் கிடைக்கவில்லை.

சாயங்காலம் ஹெச்.எம். கூப்பிட்டார். வயிறு தெரியாமல் டீசன்ட்டாகப் புடவை கட்ட வேண்டுமாம். வயிற்றைக் கழற்றி எங்கே வைப்பது? தூ.

மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது.

14, வியாழன்

தமிழ் டீச்சர் சொன்ன வீட்டைப் போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு. நல்ல கிணறு, காற்றோட்டம். டீசன்ட்டான குடும்பத்துக்கு மட்டும்தான் விடுவார்களாம். நான் டீச்சர், கணவர் கோர்ட் குமாஸ்தா. பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் வீட்டுக்காரம்மாவுக்குத் திருப்தி. அவர்களும் எங்களைப் போல வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான், சுவரில் மாதா படம். உள்ளே காபி கொதிக்கிற வாசனை. எந்த ஊர் என்றாள். சொன்னேன்.

“திருவிழாத் தேர் உங்க தெருவுக்கு வருமா டீச்சர்?”

சாதி என்ன என்று கேட்டால் அநாகரிகமாம். அதனால் தேரைக் கேட்பார்கள். எங்கள் ஊர் மாதா கோயில் தேர் எல்லாத் தெருவும் சுற்றும், எங்கள் சேரி முனையில் மட்டும் திரும்பிவிடும். இந்தப் பக்கத்து வேதக்காரர்களுக்கு இது தெரியும். வரும் என்று சொல்லியிருந்தால் சாவி கையில்.

“வராதுங்க.”

யோசித்துச் சொல்கிறோம் என்றாள். காபி வரவில்லை. எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

15, வெள்ளி

கால் வீக்கம். பஸ்ஸில் யாரும் எழுந்து இடம் தரவில்லை. தமிழ் டீச்சர் என் பக்கம் வரவே இல்லை. துணிக்கடையில் கடைப்பையன் ஒரு பழுப்புப் புடவையைக் காட்டி, “டீசன்ட் கலருங்க” என்றான். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

17, ஞாயிறு

பூசை முடிந்ததும் இவர் தனியாகப் போய் வீட்டுக்காரம்மாவிடம் பேசிவிட்டு வந்தார். கையில் சாவி. முகமெல்லாம் பல். ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடக்கிற வீடாம், அதனால் இறங்கி வந்தார்களாம். ஒரே ஒரு நிபந்தனை. நம் சொந்தக்காரர்கள் வந்து போகக் கூடாது. அம்மா வந்தால் கொல்லைப்பக்கமாக வந்து கொல்லைப்பக்கமாகவே போய்விட வேண்டும்.

“நம்ம ரெண்டு பேரையும் டீசன்ட்டுன்னு ஒத்துக்கிட்டாங்கம்மா. அதுவே பெருசு. அத்தைக்கு நான் பக்குவமா சொல்லிக்கிறேன்.”

இவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அந்த வீட்டுக்காரம்மா மேல்கூட இவ்வளவு வரவில்லை. சாப்பாடு போட்டுவிட்டு, சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அழுகை வரவில்லை.

18, திங்கள்

முதல் பீரியட் முடிந்ததும் பர்மிஷன் போட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் அந்த அம்மா வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்கம்மா முன்வாசலில் வராத வீடு எனக்கு வேண்டாம் என்றேன். தொலையட்டும், சொல்லிவிட்டேன். தேடி வந்த வீட்டை உதறுகிறீர்களே என்றாள். இந்த வயிற்றோடு இனி எத்தனை நாள் பஸ்ஸில் வர முடியும் என்று எனக்குத் தெரியாது. சாவியை நீட்டினேன்.

“அப்புடி கீழ வச்சுட்டுப் போங்க டீச்சர்.”

வைக்கவில்லை. அவள் கையால் வாங்குகிற வரைக்கும் நீட்டிக்கொண்டே நின்றேன்.