என் தக்காளியில் குற்றம் தேடிய நாட்கள்

சம்பந்தி,

சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டேன். விரலில் இருந்து அந்த இலையின் வாசம் போகவில்லை. மீன் குழம்புக்குப் புளி கரைத்த கை, ஆட்டுக்கறிக்கு மசாலா பிசைந்த கை. அதெல்லாம் போய்விட்டது. நீங்கள் பெயிண்ட் டின்னில் நட்டுக் கொடுத்துவிட்டுப் போன செடியில் நாலே நாலு இலை கிள்ளினேன், அது மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இன்று உங்களுக்கு வருடப் படையல். மதியமே முடிந்தது. உங்கள் மகனும் என் மகளும் வந்தவர்களைப் பஸ் நிலையத்தில் விடப் போயிருக்கிறார்கள். பேத்தி கூடத்தில் தூங்குகிறாள். அவளுடைய பள்ளிக்கூட நோட்டில் இரண்டு தாளைக் கிழித்துக்கொண்டு அடுப்படி மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்று, தோட்டத்தில் ரப்பர் பால் வாளி தூக்கப் போனவள். ஆனால் அந்த ஐந்து வருடத்தில் படித்த எழுத்தில் ஒன்றைக்கூட இதுவரை நான் தொலைத்ததில்லை. எனக்கு எழுத வரும். உங்கள்மேல் கோபம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஒரே ஒரு கேள்விதான். வயிற்றில் அந்த நோய் இருப்பதை உங்கள் மகனிடம் சொன்னீர்கள், என் மகளிடம் சொன்னீர்கள், ஜித்ராவில் இருக்கிற உங்கள் தங்கையிடம் சொன்னீர்கள். என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை? ஐந்தாம் வகுப்புக்காரிக்கு இதெல்லாம் விளங்காது என்று நினைத்தீர்களா? ஒரு வருடமாக இந்தக் கேள்வியோடுதான் எழுந்திருக்கிறேன், இந்தக் கேள்வியோடுதான் படுத்திருக்கிறேன்.

கல்யாணம் பேச வந்த அன்றே எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை. அலோர் ஸ்டாரில் அரசாங்க ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக வேலை பார்த்தவர், கண்ணாடி போட்டவர், பேச்சுக்கு நாலு இங்கிலீஷ் வார்த்தை. தோட்டத்தில் கிராணி என்றால் விடிகாலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிறவர். அவர் முன்னால் தலையைக் குனிந்து நின்றே வளர்ந்தவள் நான். "கிராணியம்மா வீட்டுக்கா பொண்ணு குடுக்கப் போறோம்?" என்று என் மகளிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பிறகு பேத்தியின் ஏழாவது பிறந்த நாள் வந்தது. காலை பத்து மணிக்கு வந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னீர்கள். பன்னிரண்டரைக்குக் கேட் சத்தம் கேட்டது. கையில் ஒரு பை. பைக்குள் அறுக்காத முழு பெங்காலி ரொட்டி, தக்காளி, ஒரு கட்டு இலை, சின்ன பாட்டிலில் எண்ணெய்.

"சம்பந்திம்மா, தோசக்கல்லு இருக்கா? பிள்ளைங்க வர்றதுக்குள்ள ஒன்னு செஞ்சு காட்றேன். யூடியூப்ல பாத்தது. பத்தே நிமிஷம்."

"பத்து மணின்னு சொல்லிப் பன்னண்டரைக்கு வந்த ஆளு நீங்க. உங்க பத்து நிமிஷத்த நான் எந்தக் கடிகாரத்துல பாக்கறது?"

"பஸ்ஸு லேட்டுலா."

"வருஷம் முழுக்கவா?"

நீங்கள் இலையைக் கழுவ ஆரம்பித்தீர்கள். நான் உங்கள் கையிலேயே ஒரு தட்டுத் தட்டினேன். "துளசிய யாராச்சும் தக்காளியோட திம்பாங்களா? சாமிக் குத்தம்!"

"துளசி இல்லலா, மோந்து பாருங்க. பாசார்ல மலாய்க்காரங்க செலாசின்னு விக்கறாங்களே, அந்த ஜாதி. பேசில்."

மோந்து பார்த்தேன். கிராம்பும் சோம்பும் சேர்ந்து நனைந்த மாதிரி ஒரு வாசம். அடுத்து எண்ணெய் பாட்டிலைப் பார்த்தேன். "இது முட்டி வலிக்குத் தேய்க்கற ஒலிவ எண்ணெயாச்சே. என் மருமகன் மருந்துக் கடையில வாங்கிட்டு வருவாரே!" நீங்கள் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

செய்ததை இன்னும் கண்ணால் பார்க்கிறேன். ரொட்டியைக் கட்டை விரல் தடிமனுக்கு அறுத்தீர்கள். வெறும் கல்லில், எண்ணெய் விடாமல், இரண்டு பக்கமும் சிவக்க விட்டீர்கள். பூண்டை அரைக்கவும் இல்லை, வதக்கவும் இல்லை. ஒரு பல்லைப் பாதியாக நறுக்கி, சூடு தணியும் முன்னே ரொட்டியில் தேய்த்தீர்கள். சொரசொரப்பான ரொட்டி பூண்டைத் தானே துருவிக்கொண்டது. தக்காளியில் விதையைப் பிழிந்து எறிந்துவிட்டுப் பொடியாக நறுக்கி, உப்பு, மிளகு, எண்ணெய். இலையைக் கத்தியால் நறுக்கவில்லை, கறுத்துவிடும் என்று கையால் கிழித்துப் போட்டீர்கள். எறிந்த விதையையும் சாற்றையும் நான் எடுத்து ரசத்துக்கு வைத்துக்கொண்டேன். அதற்கும் சிரித்தீர்கள்.

"இப்ப வைக்கணும், உடனே வாயில போடணும். தக்காளி மேல ஏறிடுச்சுன்னா இது காத்திருக்காது."

வாயில் போட்டேன். "வெள்ளக்காரன் பசியாறற மாதிரி இருக்கு. உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல," என்றேன். இரண்டு ஊசி மிளகாயைக் கீறிப் பொடியாக நறுக்கித் தக்காளியில் கலந்து, உங்களுக்கு ஒரு துண்டு நீட்டினேன். இருமினீர்கள், கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டே இன்னொன்று எடுத்தீர்கள்.

"இது இனிமே என்னோடது இல்லக்கா. உங்களோடது."

அன்றைக்குத்தான் சம்பந்திம்மா என்பது போய் அக்கா ஆனேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பஸ் பிடித்துக் கூலிமில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். மகளும் மருமகனும் ஹைடெக் பூங்காத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போய்விடுவார்கள். நீங்களும் நானும், வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறையில் இருக்கிற பேத்தியும்தான். நான் தக்காளியை நறுக்கி மூடி வைத்துவிட்டு, கேட் சத்தம் கேட்ட பிறகுதான் கல்லை அடுப்பில் வைப்பேன். நீங்கள் செருப்பைக் கழற்றி, காலைக் கழுவி, நான் திட்டுவதைக் கேட்டு முடிப்பதற்குள் ரொட்டி தயாராகிவிடும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். கண் பரிசோதனைக்கு என்னைக் கூட்டிப் போனீர்களே. கவுண்டரில் இருந்த பெண் என்னைப் பார்க்காமல் உங்களைப் பார்த்து, "இந்த அம்மாவுக்கு எழுதத் தெரியுமா?" என்று மலாயில் கேட்டாள். என் மகளாக இருந்தால் நிரப்ப வேண்டிய பாரத்தை வாங்கித் தானே எழுதியிருப்பாள். நீங்கள் பேனாவை என் பக்கம் தள்ளினீர்கள். "அவங்க எழுதுவாங்க." நான் ஒவ்வொரு எழுத்தாக ரூமியில், அதுதான் மலாய் எழுதுகிற இங்கிலீஷ் எழுத்தில், என் பெயரை எழுதி முடிக்கும்வரை பின்னால் வரிசை முனகியது. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு எனக்குக் காவல் மாதிரி நின்றீர்கள். அன்றைக்கு நினைத்தேன், என் படிப்பை அளந்து பார்க்காத ஒரே ஆள் இவர்தான் என்று.

அதனால்தான் இவ்வளவு கோபம். வேறு யாராவது மறைத்திருந்தால் தூ என்று துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்தீர்கள். "கேஸ்ட்ரிக்கா இருக்கும்," என்றீர்கள். அடுத்த வாரம் நான் மிளகாயைப் பாதியாகக் குறைத்தேன். அப்போதும் மிச்சம் வைத்தீர்கள். மிளகாயே போடாமல் செய்தேன். பிறகு பூண்டு தேய்ப்பதை நிறுத்தினேன். பிறகு புளிப்புதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று, பழுத்த தக்காளியாகப் பொறுக்கிப் பொறுக்கி வாங்கினேன். பாசாரில் காய்கறிக்காரனிடம் சண்டை போட்டேன். "தம்பி, நீ குடுக்கற பழத்தத் தின்னு எங்க சம்பந்திக்கு வயித்து வலி!" அவன் மிரண்டு போய் இரண்டு பழம் சும்மா கொடுத்தான். கடைசியில் ரொட்டியின் ஓரத்தை வெட்டி, வெறும் ரொட்டியில் இலை மட்டும் வைத்துக் கொடுத்தேன். அதையும் கொறித்துவிட்டு, "நல்லா இருக்குக்கா," என்றீர்கள்.

நல்லா இருக்கா? உங்கள் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு பைத்தியக்காரி வாராவாரம் தன் தக்காளியில் குற்றம் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என் கை ருசி போய்விட்டதோ, வயசாகிவிட்டதோ என்று நான் தனியாக எத்தனை தடவை அந்த ரொட்டியைச் செய்து தின்று பார்த்தேன் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அக்கா, உங்க தக்காளிமேல குத்தமில்ல." அதையாவது சொல்லியிருக்கலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை நீங்கள் வரவில்லை. ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. நறுக்கின தக்காளி தண்ணீர் விட்டுக் கிண்ணத்தில் மிதந்தது. ஷிப்ட் முடிந்து வந்த மகள் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு அழுதாள்.

"அத்த ஆஸ்பத்திரியில இருக்காங்கம்மா."

"கேஸ்ட்ரிக்குக்கு ஆஸ்பத்திரியா?"

"கேஸ்ட்ரிக் இல்லம்மா. எங்களுக்கு ஆறு மாசமாத் தெரியும். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அத்த சத்தியம் வாங்கிட்டாங்க."

அலோர் ஸ்டாருக்கு ஓடி வந்தேன். படுக்கையில் பாதியாகக் கிடந்தீர்கள். "ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "பசியாறிட்டீங்களாக்கா?" என்று கேட்டீர்கள். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டீர்கள். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் தாமதமாக வந்த மனுஷி, போவதற்கு மட்டும் அப்படி என்ன அவசரம்?

இன்றைக்குப் படையலுக்கு என்ன வைப்பது என்று பேச்சு வந்தபோது, "பாட்டிக்குத் தக்காளி ரொட்டி வைக்கணும்," என்று பேத்திதான் சொன்னாள். உங்கள் தங்கை அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"வாழ இலையில ரொட்டியா? நல்லாவா இருக்கும்?"

"ஒங்கக்கா தின்னதத்தானே வைக்கணும்? வேணாம்னா அவங்களையே வந்து சொல்லச் சொல்லுங்க."

"எப்பா! எங்கக்கா சொன்னது சரிதான்."

"என்ன சொன்னாங்க?"

கதவுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார். "ஒங்ககிட்ட மட்டும் ஏன் மறைக்கறன்னு நான் அக்காகிட்டயே கேட்டேங்க. 'எங்க போனாலும் எல்லாரும் என்னப் பாவமாப் பாக்கறாங்கடி. எம்புள்ள கூட சத்தமாப் பேச மாட்டேங்கறான். அந்த ஒரு வீட்லதான் இன்னும் லேட்டா வந்தா திட்டு விழுது. அதயும் கெடுத்துக்கணுமா?'ன்னு சொன்னா."

கையில் பூண்டு இருந்தது. பல் தீரும்வரை ஒரே ரொட்டியில் தேய்த்தேன்.

அப்படியானால் என் ஐந்தாம் வகுப்பு காரணமில்லை. சரி. அந்த முள்ளை எடுத்துவிட்டேன். ஆனால் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், இன்னும் ஏறிவிட்டது. நோய் தெரிந்தால் நான் திட்டுவதை நிறுத்திவிடுவேன் என்று உங்களுக்கு யார் சொன்னது? என்னை அவ்வளவுதானா தெரிந்துவைத்திருந்தீர்கள்? நான் திட்டியிருப்பேன். ஊசி போட்டுக்கொள்ளத் தாமதமாகப் போனால் திட்டியிருப்பேன். கஞ்சியை மிச்சம் வைத்தால் திட்டியிருப்பேன். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொல்லும் அளவுக்குத் திட்டியிருப்பேன். ஆறு மாதத் திட்டு என் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. அதை நான் யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது? உங்கள் மகனிடமா? அவர் பாவம், என்னைப் பார்த்தாலே பயப்படுகிறார்.

இலை போட்டோம். மீன், கறி, வடை, பாயசம், நீங்கள் குடிக்கிற சீனி போடாத தேத்தண்ணீர். ரொட்டியை மட்டும் நான் சேர்த்து வைக்கவில்லை. படைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே நிற்க வேண்டும், போனவர் வந்து பசியாறிவிட்டுப் போக நேரம் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கால் மணி போதும். உங்களுக்குப் போதுமா? தக்காளியை ரொட்டிமேல் வைத்தால், நீங்கள் வந்து சேர்வதற்குள் நமத்துப் போகும். அதனால் பூண்டு தேய்த்த ரொட்டி ஒரு பக்கம், கிண்ணத்தில் தக்காளி ஒரு பக்கம், கிழிக்காத இலை நாலு தனியாக.

"படையல்ல இப்படிப் பிரிச்சா வைப்பாங்க?" என்று உங்கள் தங்கை கேட்டார்.

"அவங்க லேட்டா வருவாங்க. வந்து அவங்களே வச்சுக்கட்டும்."

உங்கள் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுதாரா சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

கால் மணி ஆனதும் கதவைத் தட்டித் திறக்கப் போனார்கள். நான் விடவில்லை. "இன்னும் பஸ்ஸு வரல," என்றேன். பிள்ளைகள் பசி என்று சிணுங்கின. நடு வெயிலில் எல்லாரையும் முக்கால் மணி நேரம் வாசலில் நிறுத்தி வைத்தேன்.

இனி வெள்ளிக்கிழமைகளில் நறுக்கி வைப்பேனா என்று கேட்டால், வைப்பேன். செடி இடுப்புயரம் வந்துவிட்டது, இலையை வேறு என்ன செய்வது? கேட் சத்தத்துக்குக் காது நிமிர்வதையும் என்னால் நிறுத்த முடியவில்லை. அந்த ஆறு மாதத் திட்டையும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். உங்கள் பங்கில் ஒரு வார்த்தையைக்கூட வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

நான் உங்களுக்கு இரண்டு வயது மூத்தவள். பதினோரு வருடம் மரியாதையாக நீங்கள் என்றே கூப்பிட்டேன். இந்த ஒரு வரிக்கு மட்டும் நீ என்று எழுதுகிறேன், வருத்தப்படாதே.

இன்றைக்குத் தக்காளியில் ரெண்டு மிளகாயும் முழுசாப் போட்டிருந்தேன், குறைக்கவில்லை. உறைத்ததாடி?