சடைக் கதையைக் கனவாக்க மாட்டோம், தேவி

என் அருமை நாத்தனாரே, பேய்க்கதைக்காரியே,

கோல சிலாங்கூரில் காலையிலிருந்து மழை விடவில்லை. செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் இந்த மழைக்கு லோரி இறங்கினால் ஏறாது என்று உன் அண்ணன் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறார். நீ போய் இரண்டு தீபாவளி கடந்துவிட்டது. ஒரு சேதி வைத்திருக்கிறேன். நல்லதா கெட்டதா என்று நீதான் சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் எழுத்தாளர் சங்கம் திகில் கதைகளுக்கும் மாயக் கதைகளுக்கும் தனியாகப் பரிசு அறிவித்தது. நம்ப முடிகிறதா? 'பேய்க்கதையெல்லாம் இலக்கியமா' என்று உன் கதைகளைத் திருப்பி அனுப்பிய ஆட்கள்தான் இப்போது மேடை போடுகிறார்கள். மறைந்தவர்களின் கதையைக் குடும்பத்தாரும் அனுப்பலாம் என்றார்கள். சுங்கை பெசார் அரிசி ஆலையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதி எனக்கு மட்டும் போனில் அனுப்பினாயே, அந்தச் சடைக் கதையை அனுப்பினேன்.

முதல் பரிசு உனக்குத்தான். போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று கத்தினேன். பக்கத்து வீட்டு மலாய் அக்கா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்.

மறுநாளே சங்கத் தலைவர் திரும்பவும் அழைத்தார். பரிசுக் கதைகள் புத்தகமாகிப் பள்ளிகளுக்குப் போகுமாம். பேய் நிஜமாகவே வந்ததாக இருந்தால் மூடநம்பிக்கை என்று பேச்சு வருமாம். சிறுமிக்குக் காய்ச்சல், எல்லாம் அவள் கண்ட கனவு என்று கடைசியில் நாலு வரி சேர்த்துக் கொடுத்தால் போதும், இல்லாவிட்டால் பரிசு கிடையாது என்றார்.

உன் கதையில் என்ன இருக்கிறது? தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் செத்துப்போன அம்மாவுக்குப் படையல் போடுகிறார்கள். அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்த மகளை யாரும் கவனிக்கவில்லை. திறந்து பார்த்தால் சோறு வைத்தபடி இருக்கிறது. காலையில் தலைவிரிகோலமாகத் திரிந்த பிள்ளை, இறுக்கிப் பின்னிய சடையோடு உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் சடையை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. பட்டப்பகலில் படித்துவிட்டு, அன்று முழுக்க நான் கண்ணாடி பக்கமே போகவில்லை.

உன் அண்ணனிடம் சொன்னேன். "நாலு வரிதானே லா, போட்டுக் குடுத்திரு. தங்கச்சி பேர மேடையில ஒரு தடவையாச்சும் கேட்டுக்கிறேன்" என்றார். அவ்வளவு பெரிய லோரியை ஓட்டுகிற மனுஷன், உன் கதை ஒன்றைக்கூடப் படித்ததில்லை. பயம் என்று நாம் இருவரும் எத்தனை கேலி செய்திருப்போம்! ஆனால் அவர் ஆசை எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே ஆசைதான்.

நாலு வரி எழுத உட்கார்ந்தேன். மனசு ஒப்பவில்லை. நான் சர்ச்சுக்குப் போகும் வேதக்கார வீட்டுப் பெண். படையலே எனக்குப் புதிது. கல்யாணமாகி வந்த முதல் வருஷம், சாத்திய கதவுக்கு வெளியே நான் வாயைத் திறந்தபோது, "பேசாம இருங்க அண்ணி, அம்மா சாப்பிடுறாங்க" என்று என் கையை அழுத்தினாய். உன் குரலில் துளி சந்தேகமில்லை.

தலைவரை அழைத்தேன். உங்கள் வீட்டில் படையல் போடுவீர்களா என்று கேட்டேன். போடாமல் என்ன என்றார். கதவைச் சாத்துவீர்களா என்றேன். சாத்துவோம் என்றார்.

"யாரு வருவாங்கன்னு ஐயா சாத்துறீங்க?"

அது வேறு இது வேறு, வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை கதையை உன் அண்ணன் முன்னால் வைத்தேன். படித்துவிட்டு அந்த நாலு வரியை நீங்களே எழுதுங்கள் என்றேன். வேறு வழியில்லாமல் படித்தார். முடித்த பிறகும் தாளைக் கீழே வைக்கவில்லை.

"அம்மா போன மொத வருஷம், கதவத் தொறந்தது நாந்தான். இவ உள்ள இருந்தா. தல பின்னியிருந்துச்சி. யாரு பின்னுனதுன்னு அப்பா கேட்டாரு. நாந்தான்னு சொல்லிட்டேன்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்குப் பின்னத் தெரியாது மேரி."

தேவி, இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? அண்ணன் பொய் சொன்னது உனக்குத் தெரியுமா? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நீங்கள் இருவரும் இதைப் பேசவே இல்லையா? எனக்கு அழுகை வந்தது. பயமும் வந்தது, மறைக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை தலைவரிடம் சொல்லிவிட்டேன். போடுவதானால் இருப்பதுபோலப் போடுங்கள், இல்லையென்றால் கதையைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அப்படியானால் பரிசு அடுத்த கதைக்குப் போய்விடும் என்றார். தாராளமாகக் கொடுங்கள் என்றேன். போனை வைக்கப் போனவர் குரலைத் தாழ்த்தி, "இந்தத் தீபாவளிப் படையலுக்கு நான் கதவத் தொறக்க மாட்டேம்மா. மவனத்தான் தொறக்கச் சொல்லணும்" என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! தலைவரையே நடுங்க வைத்துவிட்டாய்.

இனி எந்த ஊரில் திகில் கதைக்குப் பரிசு என்று கேள்விப்பட்டாலும் உன் கதை அங்கே போகும். சிங்கப்பூரோ தமிழ்நாடோ, எதுவானாலும் சரி. ஒரு வரி சேர்க்கச் சொன்னாலும் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு அனுப்புவேன். உன் பேரைக் கேட்க உன் அண்ணன் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். நானும் காத்திருப்பேன். உன் அம்மா வந்தார், உனக்குத் தலை பின்னிவிட்டார். அதைக் கனவென்று எழுத, நான் உயிரோடு இருக்கும்வரை எவரையும் விட மாட்டேன்.

எப்போதும் உன் கட்சியில் நிற்கும்
உன் அண்ணி,
மேரி