மஞ்சள் பையின் முதல் சொல்

கடலில் இருக்கும் என்னவருக்கு,

மகள் நலம். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. நானும் நலம் என்றுதான் எழுத நினைத்தேன்.

செப்டம்பரில் நம் செபு நகரில் நான் குப்பை பிரிக்கும் மேட்டுக்கு ஒரு மஞ்சள் பை வந்தது. அதன்மேல் இரண்டு ஆங்கிலச் சொற்கள். நீளமான முதல் சொல் எனக்கு வாசிக்க வரவில்லை, அடுத்தது 'வேஸ்ட்'. மணிலாக்கார மேஸ்திரி, "பசூராதான், வெறும் குப்பை, பிரிச்சுக் கொட்டு" என்றார். பக்கத்தில் வேலை செய்த நெனிங், "வேஸ்டோ பசூராவோ, நம்ம செபு பேச்சுல எல்லாம் சக்போட்தான்டி" என்று சிரித்தாள். வயலில் பிடுங்கும் களைக்கும் நமக்கு அதே சொல்தானே? களையைப் பிடுங்குவதுபோல வெறுங்கையை உள்ளே விட்டேன். கட்டைவிரலில் ஊசி ஏறியது.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் கேட்டாள்: "பைமேல என்னம்மா எழுதியிருந்துச்சு?"

"சக்போட்னு..."

"அது நீ சொல்றது. பையில என்ன எழுத்து இருந்துச்சு?"

அந்த முதல் சொல்லில் நினைவிலிருந்த எழுத்துகளைத் தாளில் வரைந்தேன். பாதி வரைவதற்குள் அவள் எழுந்துபோய்க் கையுறை மாட்டிக்கொண்டாள்.

"தொத்து வியாதிக் கழிவும்மா அது."

எச்.ஐ.வி. தொற்றாமலிருக்கக் கொடுத்த இருபத்தெட்டு நாள் மாத்திரையை முடித்துவிட்டேன். முதல் பரிசோதனையில் ஒன்றுமில்லை. கடைசிப் பரிசோதனை ஜனவரியில்.

என் தட்டை மகள் தொட்டால்கூடக் கத்திவிடுகிறேன். தட்டால் ஒட்டாது என்று நர்ஸ் சொல்லியும் அதைத் தனியாகவே கழுவி வைக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறீர்கள். வாருங்கள். நான் பாயைத் தனியாக விரித்தால் மட்டும் கோபிக்காதீர்கள். உங்களை வேண்டாமென்று அல்ல, பயத்தில்தான்.

உங்கள் மனைவி