சாம்பல் திரை

நாள் 41, காலை 9:10
ஆழ்கடல் தாது நிலையம், 3,800 மீட்டர். பதிவு: எஸ்தர் ரோஸ்லின், திரைக்காப்புப் பொறியாளர். இங்கே மூன்று பேர்: நிலையத் தலைவர் தயாபரன், துளையிடும் பணியாளர் காஜா முகைதீன், நான்.
திரைக்காப்பு சரியாக இயங்குகிறது. அனுமதியில்லாத முகம் பார்த்தால் எண்கள் சாம்பல் கட்டங்களாகிவிடும். என் முகத்துக்கும் அப்படித்தான். வாயு அளவுகளும் இதில் அடக்கம். அவற்றைக் கொண்டே என்ன தாது என்று போட்டி நிறுவனம் கணித்துவிடுமாம். அனுமதி தயாபரனுக்கு மட்டும்.

11:35
அதிர்வு. கீழ்த்தளத்தில் நச்சு வாயு கசிகிறது. பார்க்கப் போன தயாபரன் ஏணியடியில் விழுந்தார். முகமூடி அணிந்து மேலே இழுத்து வந்தேன். மூச்சில்லை. முகமூடியின் காற்றும் அதோடு தீர்ந்தது. இருந்த முகமூடி அது ஒன்றுதான்.
காஜா கீழே கருவி அறையில் கதவை அடைத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஏணி வாயுவுக்குள். மேலே வர வேறு இரண்டு வழி, கிழக்கு, மேற்கு. எதில் வாயு என்று திரைக்குத் தெரியும்.

11:50
தலைமை அலுவலகத்துக்கு: "உயிர் ஆபத்து. திரையைத் திறந்துவிடுங்கள்."
பதில்: "நிலையத் தலைவர் ஒப்புதல் வேணும் மேடம்."
"அவர் இறந்துட்டார்."
"அப்படின்னா மேலிடத்துல கேக்கணும். கொஞ்சம் பொறுங்க."

12:05
தயாபரனை நாற்காலியில் சாய்த்து, முகத்தைத் திரைக்கு நேரே பிடித்தேன். இமைகளை விரலால் திறந்தேன். சாம்பல்.
திரை திறக்கக் கண் சிமிட்ட வேண்டும். புகைப்படம் காட்டி ஏமாற்றாதிருக்க அந்தச் சோதனையை எழுதியவள் நான். அவசரத்துக்கு ஒரு வழி விடலாமே என்று அன்று இவர்தான் கேட்டார். விட்டால் அதன் வழியாகவே தகவல் கசியும் என்றேன்.

12:14
காஜா, மைக்கில்: "அக்கா, கதவிடுக்கு வழியா வருது. கண்ணு எரியிது. எந்தப் பக்கம் போவட்டும்?"
"ஒரு நிமிஷம், காஜா."
"நிமிஷமெல்லாம் இல்லக்கா. நீங்க சொல்லுங்க, நான் போறேன்."
கிழக்கு என்றேன். தெரிந்தவளைப் போலச் சொன்னேன்.

12:19
"அக்கா, இங்கதான் நெறைய..."
இருமல். மைக் இன்னும் திறந்திருக்கிறது. எதுவும் கேட்கவில்லை.

12:40
தலைமை அலுவலகம்: "ஒரு மணி நேர அனுமதி கொடுத்தாச்சு மேடம். பாத்துட்டு மறக்காம மூடிடுங்க."
எண்கள் தெரிகின்றன. கிழக்கு, ஆளைக் கொல்லும் அளவு. மேற்கு, பூஜ்யம்.
என் அறையின் அளவும் ஏறிக்கொண்டிருக்கிறது.

12:52
விரல் மரத்துவிட்டது. இதைக் கண்டெடுப்பவரே, காஜாவின் வீட்டாரிடம் சொல்லுங்கள். அவர் வழி தவறவில்லை. நான் சொன்ன பக்கம்தான் போனார். எனக்குத் தெரியாது என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவரே ஒரு பக்கம்