புதன்கிழமைக் குழுவும் பண்டா மாமாவின் மகனும்

ஒக்டோபர் 9, வியாழன்

காலையில் வெயில், மூன்று மணிக்கு அடைமழை. தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய பிளவுஸ் இன்னும் பதினொன்று. கறுப்பு நூல் முடிந்தது. ஹூக் ஒரு பாக்கெட் வாங்க வேண்டும்.

மெஷினில் உட்கார்ந்ததும் ராணி அக்காவின் போன். யட்டவத்தயில் எங்கள் சபையின் வீட்டுக் குழு கூடுவது அவர் வீட்டில்தான், புதன்கிழமைதோறும். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"ரூத், நேத்து நீங்கல்லாம் போனப்புறம் பண்டா மாமா மகன் வந்தான். வாசல்ல நின்னு கத்துறான். அடுத்த புதன்கெழம இங்க ஒரு செருப்பு கெடந்தாலும் ஆள் கூட்டிட்டு வருவேன்னான்."

"எதுக்காம்?"

"அவங்கப்பாவ நாம மதம் மாத்துறோமாம்."

அதற்குப் பிறகு ஒரு பிளவுஸ்கூட முடியவில்லை. பிளவுஸின் கைத்துணியையே தலைகீழாகத் தைத்து, பிரித்து, மறுபடியும் தலைகீழ்.

ஒக்டோபர் 10, வெள்ளி

எழுதினால் தெளிவாகுமோ என்று பார்க்கிறேன்.

வீட்டுக் குழுக்களைச் சேர்க்கும் பொறுப்பைப் பாஸ்டர் எனக்குக் கொடுத்தது ஜனவரியில். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை வாசலில் ஒரு மேசை, பெயர் எழுத ஒரு கொப்பி. ஊர் எது, எந்த பஸ், எந்த நாள் ஓய்வு என்று கேட்டு, பக்கத்து ஊர்க்காரர்களை ஆறேழு பேராகச் சேர்த்துவிடுவது. பத்து வருடம் ஒரே வாங்கில் உட்கார்ந்தும் பெயர் தெரியாதவர்கள் எத்தனை பேர்! கூடி ஜெபித்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு குழுவும் தன் தெருவில் ஒருவருக்காவது கைகொடுக்க வேண்டும்.

யட்டவத்தக் குழு எடுத்துக்கொண்டது பண்டா மாமாவை. ராணி அக்காவின் பக்கத்து வீடு. சிங்கள பௌத்தர், பன்சலை விகாரைக்குத் தவறாமல் போனவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. மகன் நிஹாலுக்குத் தம்புள்ளையில் வேலை, எப்போதாவதுதான் வருவான், இப்போது லீவில் வந்திருக்கிறான். சமைத்துப் போடுவது மாமாவின் வயதான தங்கை. அவரால் ஆளைப் புரட்ட முடியாது. அவர் கேட்டுத்தான் நாங்கள் போனோம். செவ்வாயும் சனியும் துடைத்து, புரட்டி, விரிப்பு மாற்றுவது. முதுகுப் புண் ஆறிவருகிறது.

மதம் மாற்றவில்லை. ஆனால் இந்தச் செவ்வாய், தங்கை பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் குழுவின் ஸ்டீபன் அண்ணன் மாமாவின் தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபித்தார். மாமாவிடம் கேட்கவில்லை. பேச்சு வராதவர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

"சந்தர்ப்பம் கெடச்சா ஜெபிச்சிருங்க அண்ணே" என்று சொன்னது நான்.

இதை தேவாவிடம் சொல்லவில்லை. கணவரிடம் மறைக்கிறேன் என்பது வேறு பயம்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

ஆராதனை. பாட்டு எதுவும் மனதில் ஏறவில்லை. மேசையில் உட்கார்ந்தேன். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து புதிதாக ஒரு தம்பதி.

"குழுவுக்குப் போனா பிரச்சின ஒன்னும் வராதுங்களே?" அந்தப் பெண் கேட்டாள்.

"ஒன்னும் வராதும்மா."

பொய். சபை வாசலிலேயே.

பாஸ்டரிடம் எல்லாம் சொன்னேன், நான் ஸ்டீபன் அண்ணனிடம் சொன்னதையும். "நான் வரட்டுமா?" என்றார். பாஸ்டர் வந்தால் இன்னும் பெரிதாகும் என்றேன். "அப்ப நிறுத்துறதா வேணாமான்னு நீங்களே பாத்துக்குங்க. நிறுத்துனா நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

பஸ்ஸில் மிரட்டலை மட்டும் சொன்னதும் தேவா: "விட்டுரு ரூத். நமக்கும் ஒரு பொம்பளப் பிள்ள இருக்கு."

ஒக்டோபர் 14, செவ்வாய்

மழை. ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

நாளைக்கு யார் வருவார்கள்:
ராணி அக்கா - அவர் வீடு, எங்கே போவார்
ஸ்டீபன் அண்ணன் - வருகிறார்
லில்லி - "மாமியார் விட்டா வாரேன்"
மற்ற மூன்று பேர் - காய்ச்சல், கல்யாண வீடு, போன் எடுக்கவில்லை
நான் - ?

சனிக்கிழமை நிஹால் வெளியே போன நேரம் பார்த்து ராணி அக்காவும் லில்லியும் போய்வந்தார்கள்; இன்று மாமாவைத் துடைக்க யாரும் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.

ஒக்டோபர் 15, புதன்

வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன்.

போனேன். நான்கு பேர்தான். பைபிளைத் திறப்பதற்குள் வாசலில் நிஹால். பின்னால் இரண்டு பேர். எங்கள் குழுவில் சிங்களம் நன்றாகப் பேசுவது நான்தான். எழுந்து வெளியே போனேன்.

"யாரு எங்கப்பா தலையில கைவச்சது?" சிங்களத்தில் கேட்டான்.

உள்ளே ஸ்டீபன் அண்ணன். அசையவில்லை.

"எங்கள்ல ஒருத்தர். செய்யச் சொன்னது நான். ஒங்கப்பாவையும் கேக்கல, ஒங்களையும் கேக்கல. தப்பு என்னோடதுதான் தம்பி."

கூட வந்தவர்களில் ஒருவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். நிஹால் கையை ஓங்கினான். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தால், அவன் கை கூட வந்த இருவரையும் தடுத்து நீண்டிருந்தது.

"நேத்து நீங்க யாரும் வரல" என்றான்.

"பயந்துட்டோம்."

"நானே பொரட்டிப் பாத்தேன். வலியில கத்துனாரு. எங்க பிடிக்கிறதுன்னு எனக்குத் தெரியல." குரல் இறங்கிவிட்டது. "சனிக்கெழம நான் வேலைக்குப் போகணும்."

அவனுக்கும் பயம். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"தலையில கைவைக்கிறது, ஜெபம், ஒன்னும் வேணாம். அப்படின்னா வாங்க" என்றான்.

"சரி."

அந்த இருவருக்கும் அது பிடிக்கவில்லை. போகும்போது ஒருவன் என் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

ஒக்டோபர் 16, வியாழன்

தேவாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டார்.

ஸ்டீபன் அண்ணன் போனில்: "ஜெபம் இல்லாம போறதுன்னா அது ஆஸ்பத்திரி வேலதானே? அதுக்கு என்னத்துக்கு சபை?"

"நேத்து நீங்க உள்ளயே இருந்தீங்களே அண்ணே."

வைத்துவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. பிளவுஸ் நான்கு முடிந்தது.

ஒக்டோபர் 18, சனி

தூறல். ராணி அக்காவும் நானும் மட்டும்.

வாளி, சவர்க்காரம், பழைய சேலைத் துண்டுகள். நிஹால் கட்டிலருகே நின்றான். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, தன் பக்கமாக மெதுவாக உருட்ட வேண்டும் என்று காட்டினேன். தோளை அவன் பிடித்தான். மாமா கத்தவில்லை. நல்ல கையால் மகனின் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டார். புண் மறுபடி சிவந்திருந்தது. நாங்கள் போகாத அந்த ஒரு செவ்வாய்.

என் உதடு அசைகிறதா என்று நிஹால் பார்ப்பது போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். உண்மையில், மனதுக்குள் ஜெபிக்கவும் மறந்துவிட்டேன். புண்ணில் தண்ணீர் படக்கூடாது, அது மட்டும்தான் நினைப்பு.

முடிந்து பஸ் ஏற வந்தேன். நிஹாலும் பையோடு கூடவே. சந்திக் கடையில் அந்த இருவர். ஒருவன் எழுந்து வந்தான். "எங்க போய்ட்டு வாரீங்க?"

நான் பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எங்க வீட்டுக்கு வந்தவங்க" என்றான் நிஹால்.

எழுந்து வந்தவன் நின்றுவிட்டான். ஆனால் திரும்பிப் போகவில்லை.

தம்புள்ளைக்குப் போகும் மரக்கறி லொறி வந்தது. நிஹால் கையைக் காட்டி ஏறினான். "செவ்வாய்க்கெழம யாரு வருவீங்க?" மேலிருந்து கேட்டான்.

"நான்" என்று சொல்லிவிட்டேன்.

லொறி போய்விட்டது. அவர்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.