அப்பா குடிக்கும் தண்ணீர்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன், அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத எனக்கும் ஆசைதான், கை வரவில்லை. வாரம் தவறாமல் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கூப்பிட்டாலே உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிட்டுக் காவல்காரர் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், நான் ஒரு வார்த்தை ஏறுமாறாகப் பேசினால் கண்ணாலேயே அடக்குகிறார். சின்னவன் போனை வாங்கிப் பேசலாம் என்றால் அவனிடமும் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். துணி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் நானே தபாலில் சேர்க்கப் போகிறேன்.

முதலில் தெருச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது உனக்குப் புரியாது. நீ வந்துபோன பிறகு நம் தெரு ஆளே மாறிவிட்டது. கடற்கரைப் பக்கம் இருந்த வீடுகளில் பாதி இப்போது விடுதி, மீதியில் கீழே கடை, மேலே வாடகை அறை. முனைவீட்டு மளிகைக்காரர் மளிகையை மூடிவிட்டு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறார், ஒரு தீப்பெட்டி வேண்டுமென்றாலும் பெரிய ரோட்டுக்கு நடக்க வேண்டும், ஆனால் கறுப்புக் கண்ணாடியும் வைக்கோல் தொப்பியும் வாசலிலேயே நூறு தினுசு கிடைக்கும். எதிர்வீட்டுத் தையல்காரி ரவிக்கை தைப்பதை விட்டுவிட்டுச் சாய்வு நாற்காலிகளுக்கு மெத்தை உறை தைக்கிறாள். அந்த நாற்காலிகளைப் பெரிய ஹோட்டல்காரர்கள் மணலில் வரிசையாகப் போட்டுக் கயிறு கட்டிவிட்டார்கள், நடுவே நடந்தால் காவலாளி ஓடிவருகிறான். போன மாதம் என்னைப் பார்த்து 'எந்த ரூம்மா நீங்க' என்றான். 'கல்யாணமாகி வந்ததுலேருந்து இந்த ரூம்தான்' என்று கடலைக் காட்டிவிட்டு என் பாட்டுக்கு நடந்தேன். ஆனால் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது, நாமும் அதில்தான் சாப்பிட்டோம். வந்தவர்கள் புரண்டு எழுந்த படுக்கை விரிப்பைத் துவைத்துத்தானே உன்னைப் படிக்க வைத்தோம், பின்கட்டில் இரண்டு மெஷின் போட்டோம். வெயிலுக்குப் பூசிக்கொள்கிறார்களே அந்தக் களிம்பு, அந்தக் கறையை எடுக்க என்னை மிஞ்ச ஆள் இல்லை, அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன்.

கெடுதல் தண்ணீரில் வந்தது. கடலை எதிரிலேயே வைத்துக்கொண்டு குளிக்க உள்ளே ஒரு நீச்சல் குளம், குழந்தைகளுக்கு இன்னொன்று, காலில் ஒட்டிய மணலைக் கழுவ வாசலுக்கு வாசல் குழாய், புல்தரைக்குக் காலையும் மாலையும் தெளிப்பு, எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர். ஒவ்வொரு விடுதிக்காரனும் போட்டி போட்டு போர்க் குழாய் இறக்கி இறைத்த இறைப்பில் கடல் மண்ணுக்கு அடியால் உள்ளே வந்துவிட்டது. கரையோரக் கிணறுகள் முதலில் உப்பாயின, பிறகு நடுத்தெரு, பிறகு எதிர்வீட்டுத் தையல்காரியின் கிணறு. மேட்டில் இருப்பதால் நம் கிணறு மட்டும் தப்பியது. அதற்கப்புறம் உன் அப்பா பின்கதவுத் தாழ்ப்பாளைப் போடவே இல்லை. தெருவே குடத்தோடு வந்து போகும், இவர் பக்கத்தில் நின்றுகொண்டு என்னவோ தானே ஊற்றைத் தோண்டிக் கொடுத்தவர் மாதிரி எல்லோரிடமும் 'குடிச்சுப் பாருங்க, இளநி மாதிரி இருக்கும்' என்பார். எனக்குச் சிரிப்பாக வரும். ஆனால் அந்த மனுஷரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

அந்த நேரத்தில்தான் பெரிய ஹோட்டலுக்குச் சாமான் வாங்கும் நெட்டையன் வந்தான். அவர்கள் போரும் உப்பாகிவிட்டதாம். தினமும் நம் கிணற்றில் டேங்கர் நிரப்பிக்கொள்கிறோம், முடியாது என்றால் உங்களிடம் சலவைக்குப் போடுகிற துணியையும் வேறு இடத்தில் போட்டுக்கொள்கிறோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். சின்னவன் உடனே தலையாட்டினான். அப்பா மசியவில்லை, 'தெருவே குடிக்கிற தண்ணி, அத வண்டியில ஏத்த முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் சின்னவன் உன்னிடம் சொல்லி, நீ போன் செய்தாய். உனக்கு நினைவிருக்கும். 'நான் விசாரிச்சுட்டேன்பா, ஒரு மழை பெஞ்சா பழையபடி ஊறிடும், வர்றத ஏன் விடணும்' என்றாய். யாரிடம் விசாரித்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, கேட்டிருக்க வேண்டியது, கேட்கவில்லை. நானும் சின்னவனும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாலும் அசையாத மனுஷர், நீ சொன்னதும் போனை வைத்துவிட்டு நேராக நெட்டையனிடம் போய்ச் சரி என்றுவிட்டு வந்தார். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான், 'என் பெரியவன் விசாரிச்சுச் சொல்லிட்டான், ஒண்ணும் ஆகாது.' உன் பெயரைச் சொல்லும்போது அவர் நெஞ்சு ஒரு பிடி நிமிரும், அதை நீ பார்த்ததில்லை.

பெரிய மோட்டார் இறங்கியது. டேங்கர் வந்து நிற்கும்போது குடத்தோடு யாரும் குறுக்கே வரக்கூடாது என்று சின்னவன் பின்கதவைத் தாழிட்டான். முதல்நாள் தையல்காரி வந்து தட்டிப் பார்த்துவிட்டுக் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். மழையும் வந்தது, நீ சொன்ன மழைதான், நன்றாகவே பெய்தது, கிணறு ஊறியது. ஊறியதெல்லாம் வேறு தண்ணீர். நாக்குக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குக் கையில் தெரிந்துவிட்டது, தொட்டியில் சோப்பைப் போட்டு அடித்தால் நுரை எழும்பவில்லை, வெள்ளைத் திட்டாகத் திரிந்து மிதந்தது. விரிப்புகள் காய்ந்தால் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டன, ஓரமெல்லாம் மஞ்சள் அடித்தது. அப்பாவிடம் சொன்னேன், 'சோப்பு சரியில்ல, கடைக்காரன் ஏமாத்திட்டான்' என்றார். டீ திரிந்தது, பால் சரியில்லை என்றார். நெட்டையனுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை, ஒருநாள் ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீரைப் பிடித்துச் சோதிக்கக் கொண்டுபோனான், அதோடு டேங்கர் வரவில்லை, அடுத்த வாரம் துணி மூட்டையும் வரவில்லை. இப்போது அவர்கள் லாரி கடலை விட்டு இன்னும் உள்ளே தள்ளி யார் கிணற்றையோ உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. சின்னவன் அதே ஹோட்டலில் நாற்காலிக்குத் துண்டு விரிக்கிற வேலைக்குப் போகிறான், வீட்டுக்கு வந்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சலவை நின்றதற்கு உன் அப்பா உன்னிடம் மெஷின் ரிப்பேர் என்று சொன்னாரே, அது பொய்.

இதுவரை நடந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தாழ்ப்பாளைத் திறந்துவிட்ட பிறகும் தெருவில் யாரும் குடத்தோடு வரவில்லை, எல்லோரும் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டார்கள். ஒருநாள் தையல்காரி வாசலில் நின்றுகொண்டு, சத்தம் போடாமல்தான், 'உங்க பெரியவன இன்னொரு தடவ விசாரிக்கச் சொல்லுங்க' என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவள் கிணறு போய் நம் கிணற்றை நம்பி இருந்தவள், கேட்க அவளுக்கு உரிமை உண்டு. அப்பா பின்னால் நின்றிருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே போய்க் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, ஒரு டம்ளர் மொண்டு, அவள் பார்க்கும்படி வாசலுக்குக் கொண்டுவந்து நின்றபடியே மடமடவென்று குடித்தார். 'நல்லாத்தான் இருக்கு' என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது பெரியவனே, இன்றுவரை நிற்கவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர், வெயிலில் ஒரு டம்ளர், யாராவது எதிரில் வந்தால் அவர்களுக்காக இன்னொன்று.

அவருக்கு இரத்த அழுத்தம் இருப்பது உனக்குத் தெரியும். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் ஏறவில்லை. போன வாரம் காலித் தொட்டி ஓரத்தில் நின்றிருந்தவர் அப்படியே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார், விழாமல் சின்னவன் பிடித்தான். டாக்டரம்மா பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து, உப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது, இப்படியே போனால் சிறுநீரகம் தாங்காது, மூளைக்குப் போனால் நான் பொறுப்பில்லை என்று கண்டித்துச் சொன்னாள். குடிக்கிற தண்ணீர் எது என்று கேட்டாள். இவர் கொஞ்சமும் கூசாமல் 'வீட்டுக் கிணத்துத் தண்ணிதான், ஊர்லயே நல்ல தண்ணி' என்றார். நான் 'பொய் சொல்றாரு டாக்டர், அது உப்புத் தண்ணி' என்று அங்கேயே போட்டு உடைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன ஒரே பேச்சு, 'இது அவன் காதுக்குப் போகக் கூடாது, புள்ள அங்க ஒத்தையில கெடக்கறான், தன்னாலதான்னு நெனச்சு உருகிப்போவான்.' மருமகள் பக்கத்தில் இருக்க நீ எப்படி ஒற்றை ஆள் என்று எனக்குத் தெரியவில்லை, அது போகட்டும். சின்னவனிடம் சத்தியம் வாங்கியது அன்றைக்குத்தான்.

நான் சும்மா இருக்கவில்லை. அவருக்குச் சமைப்பதில் உப்பே போடுவதில்லை, நானும் அதையேதான் சாப்பிடுகிறேன், சப்பென்று இருக்கிறது, ஆனால் தட்டில் இல்லாத உப்பையெல்லாம் அவர் டம்ளரில் குடித்துவிடுகிறார். கேன்காரனை வரச்சொன்னேன், வாசலிலேயே நிறுத்தி, கிணறு இருக்கிற வீட்டுக்குக் கேன் எதற்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார். தையல்காரி வீட்டிலிருந்து அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்து, ஒரு குடம் கேன் தண்ணீர் வாங்கி நம் பானையில் ஊற்றி வைத்தேன், ஆமாம், அவள்தான் கொடுத்தாள், ஒரு கேள்வி கேட்கவில்லை. இவர் ஒரு வாய் குடித்தார், கண்டுபிடித்துவிட்டார். நல்ல தண்ணீர் என்பதுதான் குற்றம். பானையைத் தூக்கிக்கொண்டு போய்ச் செடியடியில் கவிழ்த்தார். அழுதேன், சண்டை போட்டேன், என் மேல் ஆணையிட்டுக்கூடப் பார்த்தேன், நானும் எத்தனை வருஷம் அவரோடு குப்பை கொட்டியிருக்கிறேன், இப்படி ஒரு பிடிவாதத்தைப் பார்த்ததில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை என்று எழுதினால் அது பாதிப் பொய், எனக்குக் கோபம் இருக்கிறது, தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி பேசினாய். கடலையும் மழையையும் அங்கே இருந்துகொண்டு ஒரு போனில் தீர்த்துவிட்டாய். ஆனால் அந்தக் கோபத்தை நேரில் வரும்போது வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் உப்பு என்று அவர் ஒப்புக்கொண்டால் நீ சொன்னது தப்பு என்று ஆகிவிடும், அதை இந்தத் தெரு சொல்ல அவர் விடமாட்டார், உன் பேச்சைக் காப்பாற்றுவதற்காகக் குடிக்கிறார் அந்த மனுஷர். டாக்டர் சொன்னால் கேட்க மாட்டார், நான் சொன்னால் கேட்க மாட்டார். நீ கூப்பிட்டு, 'அப்பா, நான் சொன்னது தப்பு, எனக்குத் தெரியாம சொல்லிட்டேன், அந்தத் தண்ணிய இனிமே குடிக்காதீங்க' என்று சொல்ல வேண்டும். பூசி மெழுகாதே, மழை குறைவு, ஹோட்டல்காரன் ஏமாற்றினான் என்று வேறு யார் தலையிலும் போடாதே, நீ சாக்குச் சொன்னால் அவரும் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு டம்ளர் குடிப்பார். நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னாலும் நல்லதுதான், ஸ்பீக்கரில் போடுவார் அல்லவா, போன் அடித்ததுமே நான் எதிர்வீட்டிலிருந்து தையல்காரியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்கிறேன். உனக்கு அவமானமாக இருக்கும், தெரியும். பொறுத்துக்கொள்.

மருமகளிடம் என் அன்பைச் சொல், அவளை வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், மனசில் குறை இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், எங்கிருந்தாலும் உங்களுக்கு என் ஆசி உண்டு. மறந்துவிடாதே, கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே கூப்பிடு, வாரக் கடைசி வரட்டும் என்று இருக்காதே, கடிதம் வந்ததாகவும் காட்டிக்கொள்ளாதே. இன்னும் எழுதலாம், ஆனால் பின்கட்டில் வாளி இறங்குகிற சத்தம் கேட்கிறது, நான் போய்ப் பக்கத்திலாவது நிற்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா