உன் குறத்தி நடந்த நாடுகள்

நேற்றுப் பின்னேரம் கோயில் மண்டபத்துக்குப் பின்புறமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். உள்ளே பிள்ளைகள் நாடகத்துக்கு வேஷம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தேங்காயெண்ணெயில் குழைத்த வண்ணப்பொடியின் மணம் வந்தது. அவ்வளவுதான், சைக்கிளை நிறுத்திவிட்டேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி நீ வெளியே வருவாய் என்று, இந்த வயதிலும், வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண்பிள்ளை எட்டிப் பார்த்து, "ஆரைத் தேடுறீங்கள் ஐயா?" என்றது.

"ஒருத்தரையும் இல்லைப் பிள்ளை" என்றேன்.

வீட்டுக்கு வந்தும் அந்தப் பொய் நெஞ்சில் நின்றது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைத் தோட்டங்களிலிருந்து லொறிகளில் வந்த குடும்பங்களோடு நீயும் வந்தாய். எங்கள் ஆட்கள் அதற்கு முன்பே யாழ்ப்பாணத்தை விட்டு, குளத்துத் தண்ணீரை நம்பிக் கனகராயன்குளத்துப் பக்கம் காணி பெற்று வந்தவர்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் காட்டை வெட்டிக் கொட்டில் போட்டு நீங்கள். முதல் முறை நீ என் வயலில் நெல்லறுக்க, அருவி வெட்ட வந்தபோது, "பேந்து கதைப்பம்" என்று சொன்னேன். நீ பயந்துபோய், "பேயாண்ணே?" என்று கேட்டாய். பிறகு கதைப்போம் என்பதுதான் அது என்று விளங்கியதும் வரம்பில் குந்தியிருந்து சிரித்தாய். உன்னோடு எனக்கு உறவு பிடித்தது அந்தச் சிரிப்பில்தான்.

நீயும் உன் மனைவி பாக்கியமும் வீட்டுக்குள் தெலுங்கில் பேசுவீர்கள். என்னைக் கண்டதும் தமிழுக்குத் தாவுவீர்கள். நான் மத்தளம் அடிப்பேன் என்று தெரிந்த பிறகுதான் உன் குடும்பத்துப் பாட்டை எனக்குப் பாடிக் காட்டினாய். தஞ்சாவூர்ச் சீமையில் மராட்டிய அரசர் இருந்த காலத்தில், தெலுங்கில் பாட்டுக் கட்டுகிறவரும் தமிழில் ஆடுகிறவரும் ஒரே மேடையில் நின்றார்களாம். ராசா தெலுங்கு பேசுவார், காவல்காரன் மராட்டி பேசுவான், குறத்தி எல்லாம் பேசுவாள். அரண்மனை போனாலும் ஆட்டம் தெருவில் நின்றது. பஞ்சத்தில் கப்பலேறிய உன் முன்னோர் அந்தக் குறத்தியை மலைக்குக் கொண்டு வந்தார்கள்.

"எங்காளுங்க கொண்டாந்தது தட்டுமுட்டு கொஞ்சம், பாட்டு நெறைய" என்பாய்.

குறத்தி நாடு நாடாக நடப்பாள். ஒவ்வொரு எல்லையிலும் ஒரு காவல்காரன் மறித்து, உன் ஊர் எது என்று அந்த நாட்டுப் பாஷையில் கேட்பான். அவள் அதே பாஷையில் மறுமொழி பாடிவிட்டு அப்பால் போவாள். "மீதி ஏ ஊரம்மா?" என்று தெலுங்குக் காவல்காரன் கேட்கும் இடத்தில், "மீதி எண்டால் மிச்சமெல்லோ?" என்றேன். "இல்லண்ணே, உங்களோடதுன்னு அர்த்தம்" என்றாய். மலையாளம் வரும், மராட்டி வரும். கடைசி எல்லையில் "கம கொஹெத?" என்று சிங்களக் காவல்காரன் கேட்பான். அந்தக் கட்டம் தஞ்சாவூரிலிருந்து வந்ததல்ல. தோட்டத்துக்குக் கீழேயிருந்த கிராமத்துச் சிங்களச் சனம் ஆட்டம் பார்க்க வருவார்கள் என்று உன் அப்பா சேர்த்தது. அவர் செத்த பிறகு வந்த கலவரத்தில் உங்கள் லயத்து வீடுகளைக் கொளுத்தினவர்களில் அந்தக் கிராமத்தாரும் இருந்தார்கள் என்று ஒருநாள் மெல்லச் சொன்னாய். பாட்டிலிருந்து ஒரு வரியையும் நீ எடுக்கவில்லை.

பங்குனித் திருவிழாவுக்கு ஆடலாம் என்று கோயில் சபை சம்மதித்தபோது அதுதான் பிரச்சினையானது. சபைத் தலைவர் கந்தசாமி அண்ணை நல்ல மனிதர். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தெலுங்கு, மலையாளம் எல்லாம் இருக்கட்டும். உந்தச் சிங்களக் கட்டத்தை விட்டிட்டுப் பாடச் சொல்லுங்கோ. காலம் சரியில்லை. ரெண்டு பக்கத்தாலயும் கதை வரும்."

நான் வந்து உன்னிடம் சொன்னேன். நீ மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாய். நிமிரவில்லை.

"கொறத்தி நடந்து வந்த பாதைண்ணே அது. ஒரு ஊர மட்டும் எப்புடித் தாண்டிக்கிட்டுப் போறது?"

"உன்ரை வீட்டை எரிச்சவங்கட பாஷையடா."

"வீட்ட எரிச்சது ஆளுங்க. பாட்டு என்னா பண்ணிச்சு?"

அன்று பொழுதுபட நீ மீசையை வழித்து, பாக்கியத்தின் சேலையைக் கட்டிக்கொண்டு மேடையேறினாய். மீசையில்லாத முகத்தைப் பார்க்கமாட்டேன் என்று கோபித்திருந்த பாக்கியமே முன்வரிசையில் வந்து குந்தியிருந்தாள். கடைசி எல்லைக்கு வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தாளத்தை விடவில்லை. நீ பாடினாய். கல்லெறி விழும் என்று என் தோள் தானாகவே குறுகியது. ஒன்றும் விழவில்லை. கந்தசாமி அண்ணை மட்டும் எழுந்து போய்விட்டார். அடுத்த நாள் வந்து உனக்கு ஒரு வேட்டி தந்தார்.

பிறகு ஊர் ஆட்டம் பார்க்கிற ஊராக இருக்கவில்லை. றோட்டில் ஆமி ட்ரக்குகள் கூடின. காட்டோரக் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. ஒருநாள் நெடுங்கேணிக்கு நெல் கொண்டுபோய்விட்டு உழவு இயந்திரப் பெட்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். நீ, நான், வேறு சில கமக்காரர். நல்ல வெயில். வளைவில் சீருடைக்காரர் மறித்தார்கள். இறக்கி, றோட்டோரத்தில் முழங்காலில் இருத்தினார்கள். துவக்கோடு ஒருவன் வரிசை வழியே வந்து ஒவ்வொருவரிடமும் கேட்டான்.

"கம கொஹெத?"

எனக்கு அந்தக் கேள்வி விளங்கியது. உன் பாட்டால் விளங்கியது. மறுமொழி மட்டும் வாயில் வரவில்லை. என்னைப் போலவே எல்லாரும் பேசாமல் இருக்க, அவனுக்குக் கோபம் ஏறியது. ஒருவரின் தோளில் துவக்குப் பிடியால் இடித்தான். அப்போதுதான் நீ சிங்களத்தில் வாய் திறந்தாய்.

தணிந்த குரலில், மரியாதையாக, நீளமாகப் பேசினாய். எங்களைக் காட்டினாய், வெற்றுச் சாக்குகளைக் காட்டினாய், வயல் பக்கம் கையை நீட்டினாய். அவர்களின் பெரியவன் வந்து கேட்டுக்கொண்டு நின்றான். ஒருமுறை சிரித்தான்கூட. பிறகு எங்களை எழும்பச் சொன்னார்கள். நானும் உன் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். பெரியவன் உன்னை மட்டும் நிற்கச் சொன்னான்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"பேச்சு மாத்திச் சொல்ல ஆள் இல்லையாம்ண்ணே. கொஞ்ச நேரம் வரச் சொல்றாங்க. அந்திக்குள்ள விட்டுருவாங்களாம்."

"நானும் வாறன்."

"வேணாம். நீங்க வண்டியோட போங்க."

ட்ரக்கின் பின்னால் ஏறினாய். அது நகரும்போது பெட்டியில் நின்ற என்னைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னாய். சின்ன வாக்கியம். எனக்குத் தெலுங்கு தெரியாது என்பது உனக்குத் தெரியும். "பாக்கியத்துக்கிட்ட" என்று தமிழில் கத்தினாய். புழுதி மறைத்தது.

வழி முழுக்க அந்தச் சொற்களை மறக்காமலிருக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒருவரோடும் கதைக்கவில்லை, வேறு சொல் வந்தால் அது கலைந்துவிடும் என்று பயம். பாக்கியம் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்வதற்கு முன்பே நீ சொன்னதைச் சொல்லிவிட்டேன், நீ சொன்ன இழுப்போடு. அவள் சுளகைக் கீழே வைத்தாள். "இன்னொருவாட்டி சொல்லுங்க" என்றாள். சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தி வந்தது. நீ வரவில்லை. முகாம் வாசல்களில் பாக்கியத்தோடு நானும் கந்தசாமி அண்ணையும் நின்றோம். எங்கும் உன் பெயர் இல்லை என்றார்கள். ஊருக்குள்ளும் ஒரு முணுமுணுப்பு எழும்பியது, அவர்களோடு சிரித்துக் கதைத்தவன் அங்கேயே நின்றுவிட்டான் என்று. அன்று முழங்காலில் இருந்தவர்களில் ஒருவரே அதைச் சொல்லக் கேட்டேன். அவரோடு இன்றுவரை எனக்குக் கதை பேச்சில்லை.

பாக்கியம் பொட்டை அழிக்கவில்லை. பிள்ளைகளோடு மன்னார்க் கரையிலிருந்து வள்ளமேறி, உன் முன்னோர் கப்பலேறிய அந்தக் கரைக்கே அகதியாகப் போனாள். பிறகு தகவல் இல்லை. போகும் நாளன்று படலையில் நின்று, "அண்ணே, அத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை.

இத்தனை வருடமாக அந்தச் சொற்கள் என் வாயில் இருக்கின்றன. தூக்கத்தில் சொல்கிறேன் என்று என் மனைவி சொல்கிறாள். பொருள் தெரியாது. தெலுங்கு தெரிந்தவர்களைப் பின்னாளில் சந்தித்திருக்கிறேன்; ஒருமுறை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அது எனக்குச் சொன்னது அல்லவே.